நாற்பத்தஞ்சுன்னு போட்டுக்கோ

அக்டோபர் 7, திங்கள்

"டீச்சர், கணக்குல வர்ற மரம், கோபுரம், கம்பமெல்லாம் ஏன் நேராவே நிக்கி?"

வேலையில் இருந்த காலத்தில், ஒரு பத்தாம் வகுப்பில், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை இப்படிக் கேட்டாள். பெயர் மறந்துவிட்டது. 'செங்குத்தாக நிற்கும்' என்று கணக்கிலேயே போட்டிருக்கிறதே, அதனால்தான் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். இன்று பஸ்ஸில் போகும்போது வாய்க்காலுக்கு மேல் படுத்த மாதிரி வளர்ந்திருந்த ஒரு தென்னையைப் பார்த்ததும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது.

பூவரசங்குறிச்சி உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஜெனிட்டா கூப்பிட்டிருந்தாள். என்னிடம் படித்தவள், இப்போது அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். நிரந்தர வேலை இல்லை. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. காலியாகக் கிடக்கும் ஓர் அறையைக் கணித அறையாக மாற்ற வேண்டும், பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்கிற மாதிரி கருவிகள் வேண்டும், மாவட்டக் கண்காட்சிக்கும் அதைத்தான் கொண்டுபோகப் போகிறோம் என்றாள். தலைமை ஆசிரியர் மாடசாமி சார் காபி வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். எதற்கும் "செஞ்சுருவோம் டீச்சர்" என்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர், "ரிட்டயர்மென்டுன்னா நீ வேற ஸ்கூலுக்குப் போறதா?" என்று கேட்டார்.

அக்டோபர் 9, புதன்

பழைய கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் எடுத்து வைத்தேன். கெட்டி அட்டை, இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. அரைவட்டமாக வெட்டி, பாகைமானியை வைத்துக் கோடு போட்டு, மேல்விளிம்பில் குளிர்பான ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டு. இதுதான் கிளினோமீட்டர், ஆசிரியர்களுக்காக நான் எழுதிய கணிதக் கையேட்டில் நான்காவது செயல்பாடு. ஸ்ட்ரா வழியாக ஓர் உச்சியைப் பார்த்தால், தொங்குகிற நூல் ஏற்றக்கோணத்தைக் காட்டும்.

நாற்பது அட்டைகள். இவர் ஒன்றைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு, மணமகன் பெயரில் பாதி போய்விட்டது, பாவம் என்றார்.

மதியம் சோறு குழைந்துவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கணித அறையில் சட்டங்கள் அடித்தாயிற்று. ரப்பர் வளையம் மாட்டும் ஆணிப் பலகை, பொத்தான்களால் ஆன எண்கோடு, நிகழ்தகவுக்குச் சோழிகள் எல்லாம் வந்துவிட்டன. பிள்ளைகள் சோழியை விடவே மாட்டேன் என்கிறார்கள்.

இன்று முக்கியமான வேலை தொட்டி. பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது, நான்கு தூண்களின் மேல். அதன் உயரத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். நான்கு தூண்களுக்கும் குறுக்கே மூலைக்கு மூலை நூல் கட்டினோம். இரண்டு நூல்களும் வெட்டுகிற இடம் நடுப்புள்ளி. அதிலிருந்து கேட்டுப் பக்கமாகப் பதினைந்து மீட்டர் அளந்து ஒரு மஞ்சள் வட்டம். எதிர்ப்பக்கம், பின்சுவரைப் பார்க்க, பதினைந்து மீட்டரில் இன்னொன்று. தொட்டியின் உயரத்தை முன்பே விசாரித்து, பிள்ளைகளின் கண்மட்டத்தைக் கழித்துத்தான் இந்தத் தூரத்தை வைத்தோம். வட்டத்தில் நின்று உச்சியில் உள்ள காற்றுக்குழாயைப் பார்த்தால் நாற்பத்தைந்து பாகை வர வேண்டும். நாற்பத்தைந்து வந்தால் உயரமும் தூரமும் ஒன்று. பெருக்க வேண்டாம், வகுக்க வேண்டாம். பயந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எல்லோருக்கும் நாற்பத்தைந்தே வந்தது. ஜெனிட்டா சார்ட்டில் நாற்பது பேருக்கும் எழுதி ஒட்டியிருந்தாள். மாடசாமி சார் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஏதோ உறுத்தியது. சந்தையில் ஒரு பூசணிக்காயை வைத்து நாற்பது பேரிடம் எடை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாற்பது பேரும் ஒரே எடையைச் சொன்னால் காய் அவ்வளவு துல்லியம் என்று அர்த்தமில்லை, யாரோ முன்னால் சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையும் ஸ்ட்ராவும் வைத்துச் செய்த கருவி நாற்பது கைகளில் ஒரே எண்ணைக் காட்டாது.

அக்டோபர் 15, செவ்வாய்

கேஸ் வரவில்லை. விறகு அடுப்பில் உலை வைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

ஜெனிட்டாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

"ஒண்ணு ரெண்டு தள்ளித்தான் காட்டுச்சு டீச்சர். நாந்தான் நாற்பத்தஞ்சுன்னு போட்டுக்கோன்னு சொன்னேன். போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். உங்க கையேட்டுல நாலாவது செயல்பாட்டுலயே போட்டுருக்கீங்கல்லா, முழுசா வராட்டி பக்கத்துல இருக்க முப்பது, நாற்பத்தஞ்சு, அறுபதுல ஒண்ண எழுதிக்கோன்னு."

பள்ளியில் இன்று வெயில் அதிகம். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டுமே என்று யோசனையாக இருந்தது.

மறுபடி அளக்கச் சொன்னோம். இந்த முறை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒரு பலகையில் நாற்பது முதல் ஐம்பது வரை எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு நீண்ட ஆணி. அளந்தவர் ஓட்டை போட்ட சோடா மூடி ஒன்றைத் தன் எண்ணுக்குரிய ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். கேட்டுப் பக்கத்துக்குச் சிவப்பு மூடி. பின்சுவர்ப் பக்கத்துக்குப் பச்சை மூடி. பிள்ளைகளுக்கு ஓட்டுப் போடுகிற மாதிரி உற்சாகம்.

மூடிகள் சிதறித்தான் விழுந்தன, அப்படித்தான் விழ வேண்டும். ஆனால் சிவப்பு நாற்பத்தாறில் குவிந்து நின்றது. பச்சை நாற்பத்து நான்கில் குவிந்து நின்றது. நாற்பத்தைந்தில் இரண்டு நிறத்திலும் கொஞ்சம்தான்.

ஒரு கை தவறு செய்யலாம். நாற்பது கைகளும் தவறு செய்தால், பாதி ஏறியும் பாதி இறங்கியும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் நிற்பது உண்மை. இதை நான் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். பலகை முன்னால் நின்றபோது அது ஏன் என் வாயில் வரவில்லை என்று தெரியவில்லை.

முன்வரிசையில் இருக்கும் இசக்கியம்மாள்தான் கேட்டாள். "அப்ப தொட்டி கேட்டப் பாத்துக் குனியுதா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. நான் மூடிகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

அக்டோபர் 17, வியாழன்

தவறு எங்கள் பக்கம்தான் இருக்கும் என்று நம்பி, எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். டேப்பை வைத்து மறுபடி அளந்தோம், பதினைந்துதான். சிவப்பு அளந்தவர்களைப் பின்னாலும் பச்சை அளந்தவர்களை முன்னாலும் நிறுத்தினோம். அட்டைகளையும் மாற்றிக் கொடுத்தோம். குவியல்கள் அசையவில்லை.

இவர் கேட்டார், ஒரு பாகைக்கா இந்தப் பாடு என்று. ஒரு பாகை என்றால் தோசைக்கல்லில் மிளகு அளவு என்று நினைக்கிறார். அவ்வளவு உயரத்தில் அது ஒரு முழம் என்றேன். உச்சி ஒரு முழம் முன்னால் வந்து நிற்கிறது. தூணுக்கு மேலே அறுபதாயிரம் லிட்டர் தண்ணீர்.

அவர் தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு, அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

சைக்கிள் நிறுத்துமிடம். சத்துணவுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். மதியத்தில் அங்கேதான் நிழல்.

அக்டோபர் 22, செவ்வாய்

மாடசாமி சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தொட்டியைக் கவனிக்கும் பொறியாளர் இன்று வந்தார். இளைஞர், மரியாதையானவர். கேட்டருகே நின்று தூக்குக்குண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தூணோடு ஒத்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டு, "நீங்களே பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன். நூலும் தூணும் ஒட்டினாற்போல் ஒன்றாக நின்றன. இம்மியும் விலகவில்லை.

பிள்ளைகளின் அட்டையை வைத்து ஊரைப் பயமுறுத்த வேண்டாம் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தொட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஜெனிட்டா என்னைப் பார்க்கவே இல்லை. மாடசாமி சார்தான், "போட்டும் டீச்சர், நல்லதுதான" என்றார்.

நல்லதுதான். ஆனால் பலகையில் மூடிகள் அப்படியே நிற்கின்றன. என் கண்ணையும் நம்ப முடியவில்லை, நாற்பது பேர் கண்ணையும் நம்பாமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் 23, புதன்

காலையில் காபி ஆற்றும்போது இவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, பேனாவை மேசையில் ஒரு விரலால் நிறுத்திப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். பேனா நேராகத்தான் தெரிந்தது. அடுப்பைப் பார்க்க எழுந்து பக்கவாட்டில் போனேன். பேனா என் நாற்காலிப் பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது.

டம்ளரை வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

நம்மை நோக்கிச் சாய்கிற பொருள் நமக்கு நேராகத்தான் தெரியும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. எதிரே வருகிற ஆள் முன்னால் குனிந்து நடக்கிறாரா என்று அவரைக் கடந்து பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும். தொட்டி கேட்டைப் பார்த்துச் சாய்கிறது. பொறியாளர் கேட்டில் நின்று பார்த்தார். பள்ளிக்கு வருகிற எல்லோரும் கேட்டு வழியாகத்தான் வருகிறார்கள். மேற்கே ஜன்னல் இல்லாத வகுப்பறைச் சுவர். கிழக்கே வேப்பமரமும் மதிலும். எத்தனை வருடமாக இது நடக்கிறதோ, பக்கத்தில் இருந்து பார்க்க ஒருவருக்கும் இடமில்லை.

அக்டோபர் 24, வியாழன்

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு மாட்டுத்தொழுவம். அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு நானும் ஜெனிட்டாவும் உள்ளே போனோம். சாணியை மிதிக்காமல் ஒரு மூலைக்குப் போனால் வேப்பங்கிளைகளுக்கு நடுவே தொட்டி தெரிகிறது. ஜெனிட்டா நட்டுக் கட்டிய நூலைக் கை நீட்டிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

நூலை என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுத் தீவனக் காடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் பார்த்தேன். அடியில் தூணும் நூலும் சேர்ந்திருந்தன. மேலே போகப் போகப் பிரிந்தன. உச்சியில், நூலுக்கும் தொட்டிக்கும் நடுவே வானம் தெரிந்தது.

அந்த வானத்தை மறக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கட்டடம், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் பாதியில் நின்றிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டுகளைத் தட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்காருகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் தட்டோடு எழுப்பி வகுப்புகளுக்குள் அனுப்பினோம். என் வயதில் ஓடக் கூடாது.

மாடசாமி சாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்து காட்டினோம். பார்த்தார். கைக்குட்டையால் முகத்தை இரண்டு முறை துடைத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னது இதுதான்: நேற்றுமுன்தினம்தான் நல்ல நிலை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இனி திரும்ப வரவழைக்க நாளாகும், ஊருக்கு வேறு தண்ணீர் இல்லை, காலி செய்யச் சொன்னால் ஊரே சண்டைக்கு வரும், நான் போனில் பேசுகிறேன், நீங்கள் வெளியே விடாதீர்கள், பெற்றோர் டி.சி. கேட்டு வந்து நிற்பார்கள். ஜெனிட்டாவிடம் மட்டும் தனியாக, "நீங்க டெம்பரவரி. பாத்துப் பேசுங்கம்மா" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கே பயம்.

பொறியாளர் அலுவலகத்துக்குப் போனில் பேசினார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். தீபாவளி கழியட்டும் என்றார்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அதிரசம் உடைந்து போயிற்று. தெருவில் ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

ஜெனிட்டா செய்த காரியத்தை எழுதி வைக்க வேண்டும்.

காலையில் நான் போனபோது, நடுப்புள்ளியில் ஒரு பிள்ளை கயிற்றின் நுனியைப் பிடித்திருக்க, இவள் கயிற்றை இழுத்துப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே சுற்றி வந்தாள். தொட்டியின் முழு உயரத்தையும் விட நீளமான கயிறு. தரை முழுக்க ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் பெயர் 'பதினாறு'. அதற்குள் கால் வைத்தவர் உடனே வெளியே வந்து பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும், தடுமாறினால் முதலிலிருந்து. யார் பிடித்தாலும் செல்லும், ஆசிரியருக்கும் சட்டம் ஒன்றே. கண்காட்சி வரைக்கும் விளையாட்டு நடக்கும்.

மாடசாமி சாரிடம் வட்டம், ஆரம், மையம் எல்லாவற்றையும் விளையாட்டாகப் படிப்பிக்கிற உத்தி என்று சொல்லியிருக்கிறாள். அவர் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கோடு அழியாம பாத்துக்கிடுங்க" என்றாராம்.

இருபத்தெட்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். இப்படி ஒரு கருவியை நான் செய்ததில்லை.

நவம்பர் 6, புதன்

பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். சைக்கிள்கள் தாமாகவே கேட்டுப் பக்கச் சுவரோரம் போய்விட்டன. சாப்பாட்டு வரிசை வகுப்பறை வராந்தாவுக்கு ஏறிவிட்டது. உடற்பயிற்சி சார் பந்தை எடுக்கப் போய் மாட்டிக்கொண்டு, பதினாறு ஏழில் விழுந்தார்.

சத்துணவு சமைக்கிற கோமு அக்காவுக்குத்தான் கோபம். வராந்தா வரைக்கும் சாம்பார் வாளியைச் சுமக்க வேண்டியிருக்கிறது. "ஏ டீச்சரம்மா, ஒங்க கணக்குக்கு எம் முதுகுதான் கெடச்சுதா?" என்று ஜெனிட்டாவைப் பிடித்துக் கேட்டாள். ஜெனிட்டா வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவள் பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தபடியே இருக்கிறாள், நானும்தான். வருவோம் என்கிறார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. கோடு அழிந்துவிட்டது. பிள்ளைகளே மறுபடி போட்டார்களாம்.

நவம்பர் 15, வெள்ளி

மழை நிற்கவில்லை. முழங்காலுக்குத் தைலம்.

நவம்பர் 20, புதன்

விழுந்துவிட்டது.

பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். எல்லோரும். மூன்று முறை எண்ணினோம்.

கோமுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நவம்பர் 21, வியாழன்

நேற்று நடந்தது.

சாப்பாட்டு மணி அடித்துச் சற்று நேரம். மழை விட்டு வெயில் அடித்தது. நான் கணித அறையில் சோழிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழுந்தன. பிறகு பெரிய துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாசலுக்கு வந்தபோது தொட்டி விழுந்துகொண்டிருந்தது. வேகமாக விழும் என்றுதான் நினைத்திருந்தேன். மெதுவாக, கேட்டைப் பார்த்து, நாங்கள் அளந்த அதே பக்கமாக இறங்கியது.

சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. கோட்டைத் தொட இரண்டு மூன்று அடி மிச்சம் இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரியாகக் கணக்கிட்டோம் என்று எனக்குள் ஒன்று நிம்மதியாயிற்று. அதற்குள் தண்ணீர் வந்தது.

தண்ணீரை நாங்கள் நினைக்கவே இல்லை. வட்டம் போட்டது சிமெண்டுக்கு. தண்ணீருக்குக் கோடு ஏது? இடுப்புயரத்துக்கு ஒரு சுவராக வந்து, சைக்கிள்களை அள்ளிச் சுருட்டி, வராந்தாப் படிகளில் மோதி ஏறியது. வராந்தா உயரம் என்பதால் பிள்ளைகளுக்கு முழங்கால் வரைக்கும்தான். தட்டுகள் மிதந்தன. படிக்குக் கீழே கோமு சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். ஜெனிட்டா வாளியின் மறுபக்கத்தைப் பிடிக்கப் படியிறங்கிக் கொண்டிருந்தாள். ஜெனிட்டா தூணைப் பிடித்துக்கொண்டாள். கோமுவுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

கேட்டுக் கம்பிகளில் கிடந்தாள். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, வலது கை சாம்பாரில் வெந்திருக்கிறது. இன்று போய்ப் பார்த்தேன். பேசினாள். "பிள்ளைக சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். நேற்றுச் சாப்பிடவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, சாப்பிட்டார்கள் என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வயதானவர், களைப்பாக இருந்தார். கணித அறையில்தான் உட்கார்ந்தார், அலுவலக அறை முழுக்கச் சேறு. பொறியாளரும் வந்திருந்தார். முகம் கருத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வட்டம் எதற்குப் போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கண்காட்சிக்கான விளையாட்டு, தெய்வாதீனமாகப் பிள்ளைகள் தள்ளி இருந்தார்கள், தொடர்மழையில் தொட்டி விழுந்துவிட்டது. இப்படி எழுதினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பொறியாளருக்கு இல்லை, மாடசாமி சாருக்கு இல்லை. தெரிந்திருந்தும் ஊரிடம் சொல்லவில்லை என்ற பேச்சு ஜெனிட்டாவுக்கும் வராது. ஜனவரியில் அவள் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். மாடசாமி சார் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா சோடா மூடிகள் மாட்டிய பலகையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூடிகள் இருந்தபடியே இருந்தன. சிவப்பு என்ன, பச்சை என்ன என்று சொன்னாள். வகுப்பில் சொல்கிற மாதிரியே, அவசரமில்லாமல். மாட்டுத்தொழுவத்தில் பார்த்ததைச் சொன்னாள். வட்டம் ஏன் போட்டேன் என்பதைச் சொன்னாள். தண்ணீரை மறந்துபோனதையும் சொன்னாள்.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ஒரு பாகைதான. அட்டைய வச்சு அளந்தது. கிட்டத்தட்ட நேர்னு போட்டுக்கலாம்லா?"

"போட்டுக்கக் கூடாது சார்."

குரலை உயர்த்தவில்லை. வெளியே பொக்லைன் தொட்டியின் இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்தது.

நீங்கள் மூத்தவர், நீங்கள் சொல்லுங்கள் என்று என்னிடம் திரும்பினார். இந்தப் பக்கம் நாற்பத்தாறு, அந்தப் பக்கம் நாற்பத்து நான்கு என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மாடசாமி சார் எழுந்து நின்றார். பள்ளிப் பிள்ளை எழுந்து நிற்கிற மாதிரி. "நானும் பாத்தேன் சார். தொழுவத்துல நின்னு பாத்தேன். எனக்குத் தெரியும்" என்றார். பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும், தான் ஒரு பக்கம் மட்டும்தான் பார்த்ததாகச் சொன்னார்.

நான்கு பேர் சொன்னதையும் அதிகாரி எழுதிக்கொண்டார். எண்களை அப்படியே எழுதினாரா என்று எட்டிப் பார்த்தேன். எழுதியிருந்தார்.

நவம்பர் 28, வியாழன்

கையேட்டின் நான்காவது செயல்பாட்டில் ஒரு வரியை எடுத்துவிட்டேன். ஜெனிட்டாவிடம் எத்தனை பள்ளிகளுக்கு அது போயிருக்கும் என்று கேட்டேன். ஆசிரியர்களின் வாட்சப் குழுக்களில் இரண்டு வருடமாகச் சுற்றுகிறது டீச்சர், எண்ண முடியாது என்றாள்.

ரேஷனில் பருப்பு போடவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

விசாரணை முடியும்வரை ஜெனிட்டா பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரிக்கு மேல் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. தண்டனை என்று இதற்குப் பெயர் இல்லையாம், நடைமுறையாம். மாடசாமி சாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அவளுக்காக எழுதிப் போட்டிருக்கிறார், பார்ப்போம்.

அவள் மதியம் வீட்டுக்கு வந்தாள். கோமு அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், தை மாதம் நடக்கலாமாம். பிள்ளைகள் வகுப்புக்கு ஒருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். இசக்கியம்மாளை உட்காரவைத்து கோமு பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னதாகவும், அவள் பதினாறு ஏழில் விழுந்ததாகவும் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தை மூடிக்கொண்டாள். இவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அறைக்கு வெளியே நின்றுகொண்டார்.

"வேற ஸ்கூல்லயும் தொட்டி நிக்கும்லா டீச்சர்" என்றாள், பிறகு. "அங்கயும் எல்லாரும் கேட்டு வழியாத்தான் வருவாங்க."

இந்த நாட்குறிப்பிலிருந்து இந்தப் பக்கங்களைக் கேட்டாள். கையேடு போன குழுக்களுக்கெல்லாம் இதையும் அனுப்ப வேண்டும் என்கிறாள். குழைந்த சோற்றையும் முழங்கால் தைலத்தையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

ஆகவே, இதைப் படிக்கிறவருக்கு ஒன்று. ஒரு நூலில் ஒரு நட்டைக் கட்டி, உங்கள் பள்ளிக்குள்ளோ தெருவிலோ நிற்கும் உயரமான தொட்டிக்கு எதிரே போய், கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நேராகத் தெரிந்தால் திரும்பி வந்துவிடாமல், கால்வட்டம் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போய் இன்னொரு முறை பாருங்கள்.